ஏழு அடுப்புப் பருப்பு

எங்கள் ஊரில் மக்கள் பங்கேற்பு என்று யாராவது வாயெடுத்தால் போதும், கூட்டம் சிரித்துவிடும். போன குடியரசு தினத்துக் கிராம சபையிலும் அதுதான் நடந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வரப்போகிறது, புது போர்வெல் எங்கே போடலாம் என்று நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்கள் என்றார் இன்ஜினியர். பாவம், வெளியூர்க்காரர். அன்பரசன் காலத்திலேயே அந்தக் கூத்தெல்லாம் பார்த்தாயிற்று, நீங்களே ஓர் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்பரசனை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தான். பேரணாம்பட்டிலிருந்து சைக்கிளில் வருவான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆனால் பேச ஆரம்பித்தால் பெரிசுகள்கூட பீடியை அணைத்துவிட்டுக் கேட்கும். தோல் பதனிடும் டேனரிக் கழிவு நிலத்தில் இறங்கி, கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருந்த நேரம் அது. போரும் டேங்கும் வரப்போகிறது என்று தெரிந்ததும், எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் தேன் என்று ஒவ்வொரு தெருவும் சண்டைக்கு நின்றது. போர் விழுகிற தெருவுக்குக் குடம் தூக்கும் பேஜார் விட்டது அல்லவா? அதற்குத்தான் அவ்வளவு அடிதடி.

அன்பரசன் ஒரு வழி சொன்னான். உப்புத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். இது இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஏழு கிணற்றுத் தண்ணீரில் ஏழு அடுப்பில் ஒரே பருப்பைப் போடுவோம், எது முதலில் வேகிறதோ அங்கே போர். ஊரே ஒப்புக்கொண்டது. தெருவுக்கு ஒரு பெண். காலனிக்கு நான். மேலத் தெருவுக்கு மீனாம்பாள். பீடி சுற்றும் சந்துக்கு அஜீஸுன்னிசா.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக ஏழு அடுப்பு. அன்பரசன் பானைக்குப் பானை நம்பர் எழுதி ஒட்டினான். என் விறகு ஈரம், புகைந்துகொண்டே இருந்தது. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மீனாம்பாள் பக்கத்தில் வந்து குனிந்து ஊதிவிட்டாள். அஜீஸுன்னிசா வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டெல்லாம் வதக்கிக் கொண்டுவந்தாள். எல்லாம் முடிந்ததும் ஏழு பருப்பையும் ஒரே அண்டாவில் கொட்டி, சோறாக்கி, பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காலனியும் மேலத் தெருவும் ஒரே பந்தியில். அதற்கு முன்பும் அப்படி நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

முதலில் வெந்தது என் பருப்புதான். போர் எங்கள் காலனியில் விழுந்தது. வந்த தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது. ஊர் கொதித்துவிட்டது. காலனிக்குச் சாதகமாகப் பானையை மாற்றி வைத்துவிட்டான் என்று அன்பரசனை அதே மைதானத்தில் சுற்றி நின்று கேட்டார்கள். அவன் கையிலிருந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்ப வரவே இல்லை.

என் பருப்பு ஏன் வெந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சோடா உப்பு போடாமல் பருப்பு வெந்த நாளே கிடையாது. ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க என் பானை மட்டும் வேகாமல் நின்றால் மானம் என்ன ஆவது? இடுப்பில் முடிந்து வைத்திருந்ததைத் தாராளமாகவே போட்டேன். தண்ணீரைத்தான் சோதிக்கிறார்கள், என் சமையலை இல்லை என்பது அப்போது இந்த மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது அவன் போய்விட்டிருந்தான். அப்புறம் வாயைத் திறக்கப் பயம். வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவள், இதற்கு மட்டும் பயந்தேன்.

இந்த முறை, கிராம சபையில் அந்தச் சிரிப்புக்கு நடுவில் எழுந்து நின்றேன்.

"அன்பரசன் மேல ஒரு தப்பும் இல்ல. என் பருப்புல நான்தான் சோடா உப்பு போட்டேன்."

மீனாம்பாள் நாற்காலியில் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீயும் போட்டியாடி?" என்றாள்.

அஜீஸுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஏழு பேரில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறோம், ஐந்து பேரும் போட்டிருந்தோம். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். என் கை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எங்கள் எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மானத்துக்காக ஒருத்தன் மானத்தைக் கப்பலேற்றிவிட்டோமே.

சிரிப்பு அடங்கிய பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. ஒரு தெருக் கிணற்றில் வேறு தெருப் பெண்கள் தண்ணீர் பிடித்து, பாட்டிலுக்கு சீல் வைத்து, வேலூரில் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், கூடவே நாங்களும் போவோம் என்று முடிவானது. இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

அஜீஸுன்னிசாவின் தம்பி சமீருல்லா மூலம் அன்பரசனின் நம்பர் கிடைத்தது. வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறானாம். அன்று சாயங்காலமே கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் பக்கம் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் பானை நம்பர மாத்தி எழுதிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன்க்கா, இன்னிக்கு வரிக்கும்" என்றான். "அதனாலதான் அந்த வேலையே வேணான்னு வுட்டேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"இத சொல்றதுக்கு இருபத்திரண்டு வருஷமாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றேன், அவனும் வைக்கவில்லை.