ஏழு திங்கட்கிழமைகள்

சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் புடவை மடிப்பை ஜோதிகா சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒப்பாரி சற்று ஓய்ந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டதாக யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அவள் நிமிரவில்லை. பட்டுக்கடையில் நாளெல்லாம் புடவை மடித்துவைத்த அம்மா அம்சா, நேற்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டாள். மடிப்பு கோணினால் அவளுக்குப் பிடிக்காது.

பத்தாவதில் ஜோதிகாதான் அரசுப் பள்ளியில் முதல். பதினொன்றாவது தொடங்கியபோது அங்கே கணக்குக்கு ஆசிரியர் இல்லை. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளியே ஆள் அனுப்பி, ஜோதிகாவை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. அம்சா மறுத்துவிட்டாள்.

“என் வாழ்க்கைய ஏம்மா கெடுக்கற?”

“நீ கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிக்கினு இருந்தாத்தான் நான் போய் வாத்தியார் கேக்க முடியும். நீ போயிட்டா அந்த ஸ்கூலுக்கு நான் யாரு? மிச்சம் பதினெட்டுப் பொண்ணுங்க இருக்குது இல்ல?”

ஜோதிகா ஒரு மாதம் பேசவில்லை. அம்சா திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். மகளின் கணக்கு நோட்டை விரித்துக் காட்டினாள்.

“போன வாரமே மனு குடுத்துட்டியேமா?”

“போன வாரமும் நோட்டு காலியாத்தான் சார் இருந்துது.”

ஏழாவது திங்களுக்கு மறுநாள் கணக்குக்குச் சங்கரி டீச்சர் வந்தார்.

இப்போது அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் செல்போன். பெட்டியருகே நின்றார்.

“சொல்லுங்க மிஸ்.”

“கணக்குல நீ தொண்ணூத்தேழு...”

“மத்தவங்க?”

“எல்லாரும் பாஸ். பத்தொம்பது பேரும்.”

அப்பா தேவசகாயம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அந்த பிரைவேட் ஸ்கூலுக்குப் போயிருந்தா நூறு வாங்கியிருப்பியோ என்னமோ,” என்றார். இரண்டு வருடமாக அவர் மனைவியிடம் சொல்லிவந்தது.

“வாங்கியிருப்பேன்பா.” வாசற்படியில் அழுதுகொண்டிருந்த வகுப்புத் தோழி காவேரியைப் பார்த்தாள் ஜோதிகா. “இவ பாஸாயிருக்க மாட்டா.”

மாலையில் கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்ததும் குடும்பத்தார் மண் போட்டார்கள். பிறகு வகுப்புப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். வரிசை மெல்லத்தான் நகர்ந்தது. குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, கடைசிப் பெண்ணும் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.