பரணின் முதல் மூச்சு

வடக்கே லெசினி மலை புதுப்பனி போர்த்து நிற்க, தெற்கே ஆடிஜே ஆற்றின் சமவெளியிலிருந்து எழுந்த மூடுபனி, பொங்கிய பால் பானையின் விளிம்பைத் தொட்டு நிற்பது போலக் குன்றுகளின் இடைவரை ஏறி அங்கேயே தங்கிவிட, இத்தாலியின் மரானோப் பள்ளத்தாக்கில், கற்சுவர் அடுக்குகளில் இலையுதிர்த்த கொடிகள், ஆட்டம் முடிந்தும் கை தாழ்த்த மறந்த கூத்தரைப் போல வரிசை வரிசையாய் நின்றிருந்த ஒரு சனவரித் திங்களின் விடியற்பொழுது. கோயில் மணியின் ஓசைகூடப் பனியில் நனைந்து கனத்தே வந்தது. அடுப்புப் புகை மேலெழ மனமின்றி ஓட்டுக்கூரைகளையே சுற்றிக்கொண்டிருந்தது. சேவல் ஒன்று இருமுறை கூவிப் பார்த்து, மறுமொழி கிட்டாமையால் நிறுத்திக்கொண்டது. ஒன்பது நாளாக ஞாயிற்றின் முகத்தை அப்பள்ளத்தாக்கில் எவரும் கண்டிலர்.

நடுக்குன்றின்மேல் இருந்த பழைய கல்வீடொன்றின் மேல்தளம் முழுவதும் ஒரே பரணாயிருந்தது. அங்கே நாணல் தட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏழடுக்கு. ஒவ்வொரு தட்டியிலும், ஒன்றையொன்று நெருக்காமல், தூங்கும் மகவைக் கிடத்துவது போலக் கிடத்தப்பட்ட கொடிமுந்திரியாம் திராட்சைக் குலைகள். மணிகள் நெருங்கிய கொழுத்த குலைகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு, காற்று உட்புகுந்து வெளியேறும்படி தளர்ந்து தொங்கியவற்றை மட்டும் தேர்ந்து அறுத்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பரணேற்றியிருந்தனர். நூறு நாள் உலர்ந்து, நீரை இழந்து, தோல் சுருங்கி, இனிமையெல்லாம் உள்ளே திரண்ட பின்னரே அவை மிதிபடும். அச்சாறு தன் இனிப்பை முற்றும் தின்று தீர்த்துக் கறுஞ்சிவப்புத் தேறலாகும். அமரோனே என்று அதற்குப் பெயர். அவர்கள் மொழியில் ‘அமரோ’ என்றால் கசப்பு; பெயரிலேயே கசப்பைச் சுமந்த தேறல்.

அந்த நூறு நாளும் பரணுக்கு உயிர் அதன் சாளரங்களே. மலைக்காற்று உலர்ந்து வருகையில் திறத்தல் வேண்டும். ஆற்றுப் பக்கத்துப் பனி ஏறுகையில் அடைத்தல் வேண்டும். இரவெல்லாம் அடைபட்டிருந்த பரணுக்குள் விடியலில் ஒருவர் மட்டும் நுழைவார். புகையிலை தொடாமல், பூண்டு தின்னாமல், வெறும் வயிற்றோடு நுழைவார். சாளரம் ஒன்றையும் திறக்குமுன் கண்மூடி நின்று ஒரு மூச்சு இழுப்பார். ஏதோவொரு தட்டியில் காடியின் புளிப்புத் தொடங்கியிருப்பினும், ஒற்றை மணியில் சாம்பல் பூஞ்சணம் முளைத்திருப்பினும், அம்முதல் மூச்சில் அது பிடிபட்டுவிடும். அவர் வாய் திறந்து சொல்லும்வரை மற்றவர் படிக்கட்டிலேயே காத்து நிற்பர். அவ்வீட்டின் முதல் மூச்சு முப்பத்திரண்டு ஆண்டுகளாக இலாரியோவுக்கு உரியதாயிருந்தது.

தன் பழத்தோடு தன் மனைவி நோர்மாவின் அண்ணன் பொர்த்தோலோவின் பழத்தையும் அவன் தன் பரணிலேயே உலர்த்தி வந்தான். பொர்த்தோலோவின் வீடு பனி தேங்கும் பள்ளத்தில் இருந்தது. அங்கே ஒரு குலையும் ஒழுங்காய் உலராது. ஆகவே ஆண்டுதோறும் நாற்பது தட்டிப் பழத்தைக் கொண்டுவந்து வடமேற்கு மூலையில் அடுக்கிவிட்டு, மச்சானின் மூக்கை நம்பி அவன் போய்விடுவான். ஊர்த் தேறற்கடையில் அமர்ந்து அந்த மூக்கின் பெருமையை அவன் பேசாத நாளில்லை.

அந்த மூக்கோ செத்துப் பதினோரு திங்கள் ஆகியிருந்தது. சென்ற ஆண்டுக் கடுங்குளிரில் வந்த காய்ச்சல் இலாரியோவை விட்டு நீங்கும்போது மணம் என்னும் உலகத்தையே மூட்டை கட்டி எடுத்துச் சென்றுவிட்டது. நாளை மீளும், அடுத்த கிழமை மீளும் என்று காத்திருந்தான், மீளவில்லை. எவரிடமும் சொன்னானில்லை. அறுவடை வந்தது, பரண் நிறைந்தது, ஒவ்வொரு விடியலும் ஏறி, கண்மூடி, ஒன்றுமில்லாத காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, வழக்கமான இடைவெளி விட்டு, “திறக்கலாம்” என்று சொல்லி வந்தான். கண்ணும் விரலும் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். பழம் கெடவில்லை, ஆகவே தேற்றமும் கெடவில்லை. ஆயினும் ஒவ்வொரு படியும் முந்தைய நாளைவிட உயரமாய்த் தோன்றிற்று. பொய்யைச் சுமப்பவனுக்குக் கால்கள்தாம் முதலில் நோகும் போலும்.

புத்தாண்டு பிறந்து நான்கைந்து நாளில் நோர்மா, பிள்ளை பெற்ற மகளுக்குத் துணையாக வெரோனா நகருக்குப் போனாள். அவள் போன மறுநாள் மூடுபனி ஏறிற்று. பத்தாம் நாள் மாலை, களைத்த உடலோடு திரும்பி வந்து படுத்தவள், மறுநாள் விடியலில் கணவனின் பின்னே கையில் துடைப்பத்தோடு படியேறினாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, கீழ இறங்கி வாங்க.”

“இன்னும் ஜன்னல் திறக்கலையே.”

“திறக்க வேண்டாம். காடி நாத்தம் இங்க நிக்கிற என் முகத்துல அடிக்குது. உங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

அவன் இறங்கவில்லை. பரண் வாயிலில், கைப்பிடியைப் பற்றியபடி அப்படியே அமர்ந்தான். சென்ற வேனிலில் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தபோது, அதன் அருகிலேயே அமர்ந்து அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை அவள் சொன்னாள். அன்றே புரிந்துகொண்டாளாம். பரண் நிறைந்த நாள்முதல், பெருக்கப் போவதாய்ச் சொல்லி அவன் பின்னாலேயே ஏறி, சாளரம் திறக்குமுன் தானும் ஒரு மூச்சு இழுத்து, கெடத் தொடங்கிய குலைகளைத் துடைப்பத்தின் மறைவில் எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் பன்றிக்குப் போட்டு வந்தாளாம். தன் கண்ணும் விரலும் காத்ததாய் அவன் எண்ணியிருந்த பழத்தை, உண்மையில் காத்தது அந்தத் துடைப்பம்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான்.

“நீங்க ஏன் சொல்லல?”

அவன் கைப்பிடியை விட்டான்; அவளும் மேலேறி வந்தாள். இருவரும் உள்ளே போய்ப் பார்த்தனர். இலாரியோவின் பழம் சாளரத்தை ஒட்டி மேலடுக்குகளில் இருந்தமையால் பெரும்பாலும் தப்பியிருந்தது. வடமேற்கு மூலையிலோ, கீழடுக்குகளின் உட்புறத்தில், விளக்கொளி எட்டாத இடத்தில், மணிகள் வெடித்துக் கசிந்து, தட்டியின் நாணலைக் கறையாக்கி, அடுத்த தட்டியின்மேல் சொட்டியிருந்தன. பொர்த்தோலோவின் நாற்பதில் இருபத்தாறு போயிருந்தது. சனவரி பதினேழில் வரும் வனத்து அந்தோணியார் திருநாளன்று மிதிப்பதாக முடிவாகியிருந்தது. அதற்கு இரண்டே நாள் இருந்தன. பழத்தைப் பார்க்கப் பொர்த்தோலோ இந்தக் காலையிலேயே வருவதாயிருந்தது.

நோர்மா ஒரு வழி சொன்னாள். இவ்வாண்டுப் பனியில் பள்ளத்தாக்கு முழுவதுமே ஆளுக்குக் கொஞ்சம் இழந்திருக்கிறார்கள்; இதையும் அதனோடு சேர்த்துவிடலாம். “பனி மேல பழியப் போடுங்க. பனி வந்து இல்லைன்னு சொல்லவா போகுது?” என்றாள். அவள் பொய் விரும்புகிறவள் அல்லள். ஆனால் ஊர் முழுவதும் தன் கணவனை என்ன பெயரிட்டு அழைக்கும் என்பதை அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

பத்து மணியளவில் மூன்றுசக்கர வண்டி இருமிக்கொண்டு மேடேறி வந்து நின்றது. அறுவடையின்போது சுவரிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்த பொர்த்தோலோ, தடியை முதலில் இறக்கி, பிறகு தன்னை இறக்கிக்கொண்டான்.

“என்ன மச்சான், நம்ம பழம் என்ன சொல்லுது? உன் மூக்குக்குச் சேதி வந்துச்சா?”

பொய் இலாரியோவின் நாவில் ஆயத்தமாகவே இருந்தது. சொல்லவேண்டியதெல்லாம் ஒரே சொல்: பனி. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே, நாளைய விடியலின் படிகளும், அடுத்த ஆண்டின் நூறு விடியல்களும், அதற்கடுத்த ஆண்டின் நூறும், மலைக்குப் பின் மலையாய் எழுந்து நிற்பதை அவன் கண்டான். அறத்தின் வலிமையால் உண்மை பேசினான் என்று எழுத எனக்கும் விருப்பமே. ஆனால் நடந்தது அதுவன்று. அவன் களைத்திருந்தான், அவ்வளவே.

“எனக்கு மோப்பம் போயிடுச்சு மச்சான். போன வருஷக் காய்ச்சல்லயே போயிடுச்சு. இத்தனை நாள் மோந்து காத்தது உன் தங்கச்சிதான். அவ ஊர்ல இல்லாதப்ப உன் பழம் கெட்டது எனக்குத் தெரியல. பனி மட்டும் காரணம் இல்ல.”

பொர்த்தோலோ படிக்கட்டை நோக்கித் திரும்பினான். தடியை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரு காலையும் சேர்த்து நிறுத்தி, மேலே ஏறினான். ஏறும் ஓசையும், தட்டிகளை இழுக்கும் ஓசையும், பின் இறங்கும் ஓசையும் கேட்டன. கையில் கசிந்த குலையொன்றைக் கொண்டுவந்து மச்சானின் மூக்கருகே நீட்டினான்.

“இது என்ன வாசம்?”

“தெரியல.”

“மூச்ச இழு.”

“இழுத்துட்டேன். குளிருதுன்னு தெரியுது. அவ்வளவுதான்.”

பொர்த்தோலோ குலையை வாசலில் எறிந்தான். விரல்களைக் காற்சட்டையில் துடைத்தான். “ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், என் மச்சான் மூக்கு, என் மச்சான் மூக்குன்னு. கடைசியில பாத்தா அது என் தங்கச்சி மூக்கு” என்றான். பிறகு, முன்னிலும் தாழ்ந்த குரலில்: “சொல்லியிருந்தா நொண்டிக்கிட்டாவது ஏறி வந்திருப்பேனே. நீ இருக்கேன்னுதானே பத்து நாளா அடுப்புப் பக்கத்துல உக்காந்து சீட்டாடிக்கிட்டு இருந்தேன்.”

வசை வந்திருந்தால் இலாரியோ தாங்கியிருப்பான். அந்தச் சீட்டாட்டத்தைத்தான் அவனால் தாங்க இயலவில்லை. தன் தட்டிகளில் பாதியை எடுத்துக்கொள்ளுமாறு சொன்னான். பொர்த்தோலோ வேண்டாமென்று கையசைத்தான்.

“உன் பழம் எனக்கு எதுக்கு? இருக்கிறத ஒரே தொட்டியில போடு. வர்றதப் பங்கு வச்சுக்கலாம். ஆனா இனிமே முதல்ல உள்ள போறது அவதான்.”

“எனக்கு மட்டும் முட்டி வலிக்காதா?” என்றாள் நோர்மா. எனினும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்று முதன்முறையாக அவர்கள் இருவருக்கும் முன்னால், வெறுங்கையோடு படியேறினாள்.

இரண்டு நாள் மூவரும் முக்காலிகளில் அமர்ந்து, சிறு கத்தரிகளால் மணி மணியாய்க் கெட்டதை நீக்கினர். ஐயத்துக்கு இடமான குலைகளை நோர்மாவிடம் நீட்டுவார்கள். அவள் முகர்ந்து, தலையசைப்பாள் அல்லது எறிவாள். திருநாளன்று தொட்டியில் கொட்டி மிதித்தனர். சுருங்கிய பழம் சாறு விடுவதில் கருமி. அதன் குளிரோ எலும்பைத் தொடும். மிதிப்பவர் கணுக்கால் மரத்துப்போய், இறங்கி அடுப்பில் கால் காட்டிவிட்டு, மீண்டும் ஏறுவர். அக்குளிரில் சாறு நொதிப்பதும் மெல்லத்தான். நாற்பது நாள், காலையும் மாலையும், மேலெழுந்த தோற்படலத்தை மரத்தண்டால் அமிழ்த்தி வந்தனர். தொட்டியின் உள்ளே தூறல் மழை போல ஒரு மென்னொலி கேட்டுக்கொண்டேயிருந்தது. செவி போகவில்லையே என்று இலாரியோ அதன்மேல் குனிந்து நிற்பான். பின்னர்ச் சாற்றை வடித்து, ஓக் என்னும் கருவாலி மரத்தால் ஆன பீப்பாய் மிடாவில் நிறைத்து மூடினர். அவ்வாண்டு முழுவதும் பொர்த்தோலோ அவனை மச்சான் என்று அழைக்கவில்லை. பெயர் சொல்லியே அழைத்தான். இரண்டாம் ஆண்டில் அது எப்போது மாறிற்று என்று மூவருக்குமே நினைவில்லை.

நான்கு ஆண்டுகள் கடந்தன. நவம்பர்த் திங்களின் ஒரு ஞாயிறு நண்பகலில், தேறலிலேயே ஊறிச் சிறு தீயில் நெடுநேரம் வெந்த குதிரைக்கறியும், பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்த மஞ்சள் சோளக்களியும் ஆவி விட்டுக்கொண்டிருக்க, அம்மிடாவிலிருந்து முதற்குடுவை மேசைக்கு வந்தது. பொர்த்தோலோ கிண்ணத்தைச் சாளர ஒளியில் சாய்த்தான். விளிம்பில் செங்கல் நிறமும் நடுவில் இருளும் தெரிந்தன. மோந்தான்.

“காஞ்ச செர்ரி” என்றான்.

“இல்லண்ணே. கசப்பு பாதாம். அடியில கொஞ்சம் புகையிலை.”

“புகையிலை என் சட்டைப்பையில இருக்கு. அதை மோந்துட்டுச் சொல்ற.”

அண்ணனும் தங்கையும் வழக்காடிக்கொண்டிருந்தனர். தீர்ப்புக் கேட்டு எவரும் இலாரியோவின் பக்கம் திரும்பவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கிண்ணத்தை எடுத்தாலும், மேசை முழுவதும் பேச்சை நிறுத்தி அவன் முகத்தையே நோக்கிக் காத்திருந்தது. அவனும் குறை தேடியே உறிஞ்சினான், குற்றம் காணவே விழுங்கினான். இப்போது வாயில் வைத்தான். மணமென்று ஒன்றும் எழவில்லை. நாவின் இருமருங்கையும் துவர்ப்புப் பற்றிற்று. பழத்தின் கொழுமை அதன்மேல் கம்பளம் போல விரிந்தது. கசப்பு, கடைசியில், அழைக்காமலே வந்து நெடுநேரம் தங்கிற்று. அதன் வெம்மை நெஞ்சு வழியாய் இறங்கிக் குளிர்ந்து கிடந்த விரல் நுனிவரை நடந்தது. நன்றா தீதா என்று அவன் எண்ணவில்லை. மீண்டும் ஊற்றிக்கொண்டான்.

திறமை ஒருவனுக்கு அணியாவது போலவே நுகமும் ஆகிறது. அதை இழந்தவன் முதலில் அழுகிறான், மறைக்கிறான், மறைத்ததனால் தன்னைச் சார்ந்தோரும் தம் உழைப்பை இழக்கச் செய்கிறான். அக்குற்றம் இலாரியோவை விட்டு ஒருநாளும் முற்றிலும் நீங்கவில்லை. இருபத்தாறு தட்டிப் பழம் மீண்டும் பழுத்து வரப்போவதுமில்லை. ஆயினும் அறுபத்திரண்டாம் வயதில், வழக்காடும் இருவருக்கிடையே, ஒருவர் கண்ணிலும் படாமல் அமர்ந்து, தன் கையால் ஆன தேறலை அவன் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் குடித்தான். அதுவரை அவன் அதை ஆராய்ந்து மட்டுமே வந்திருந்தான்.