இசோகாய் ஜெயித்த நாள்

பன்னிரண்டு ஆண்டுகள் தொழில்முறை வீரராகச் சைக்கிள் ஓட்டிய இசோகாய் தகுமா அந்த நாள்வரை ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வந்ததில்லை. எங்கள் அணியில் அவருடைய வேலையே வேறு. கேப்டனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பார். பின்னால் வரும் அணி வண்டிக்குப் போய், தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்புவார். கேப்டனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுரோட்டில் நிற்பார். நாளிதழ்களில் அவர் பெயர் வந்தால் கடைசிப் பத்தியில் வரும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் அவருக்கு முப்பத்தைந்து வயது. பருவம் முடிந்ததும் ஓய்வு பெறப்போவதாக மனைவி சினாட்சுவிடம் சொல்லிவிட்டார். விடுதிகளில் நாங்கள் இருவரும் ஒரே அறை என்பதால் என்னிடமும் சொன்னார். மேலாளர் நுகுயியிடம் மட்டும் சொல்லவில்லை.

மே மாதம், நாகானோ மலைகளில் நடந்த பல நாள் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள். எங்கள் கேப்டன் ஹதகேயாமா ஆரஞ்சுச் சட்டை அணிந்திருந்தான். மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவனுக்கு உரிய சட்டை அது. வயது இருபத்தாறு. சாலையில் அவன் வைத்ததுதான் சட்டம், ஆனால் சாப்பாட்டு மேசையில் இசோகாய்க்குத்தான் முதலில் சூப் ஊற்றுவான். அவன் அவரை 'அண்ணே' என்பான், அவர் அவனைக் 'கேப்டன்' என்பார். எங்களுக்கு அது பழகிவிட்டது.

காலையில் நுகுயி திட்டத்தைச் சொன்னார்.

"இசோகாய்-சான், ஆரம்பத்துலயே கூட்டத்துலேர்ந்து முன்னாடி தப்பிச்சுப் போறவங்களோட ஒட்டிக்கிட்டுப் போயிடுங்க. கடைசி மலையில கேப்டன் தனியா மாட்டினா மேல நீங்க இருக்கணும்."

"நான் நின்னு அவருக்காகக் காத்திருக்கணுமா, போய்க்கிட்டே இருக்கணுமா?"

"அத அப்ப ரேடியோவுல சொல்றேன்."

பாதி தூரத்தில் எனக்கு வயிறு கெட்டுப்போய்ப் பந்தயத்திலிருந்து விலகி, அணி வண்டியின் பின்சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால் வண்டிக்குள் நடந்ததை நான் பார்த்தேன். மலைமேல் நடந்ததை இசோகாய் பிறகு சொன்னார்.

மழை. மலையேற ஏற மூடுபனி. முன்னால் போன நால்வரில் இருவர் சோர்ந்து பின்தங்கினார்கள். ஓர் இத்தாலிக்காரர் தனியாக முன்னே போய்ப் பனிக்குள் மறைந்தார். அவருக்குப் பின்னால் இசோகாய். அப்போது காதுக்கருவியில் இரைச்சலோடு ஒரு குரல் வந்தது.

எங்கள் மொழியில் 'நில்லு' என்பதற்கு மாத்தே, 'போ' என்பதற்கு இத்தே. அவர் காதில் விழுந்தது '...த்தே' மட்டும்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

இரைச்சல்தான் பதில். வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெள்ளையாக இருந்தது. நின்றுவிட்டு, கேப்டன் கூட்டத்தோடு சுகமாக வந்தால் எல்லாம் வீண். போய்விட்டு, கேப்டன் தனியாகத் தவித்தால் பன்னிரண்டு வருட உழைப்புக்கு அர்த்தமில்லை. ரோட்டோரம் குடையோடு நின்ற ஒரு தம்பதியிடம் கேட்டார்: "பின்னாடி யாரு வர்றாங்க? ஆரஞ்சுச் சட்டை தெரியுதா?"

"விடாதீங்க! விடாதீங்க!" என்று அவர்கள் உற்சாகமாகக் கத்தினார்கள். ரோட்டோரம் நிற்பவர்கள் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கத்துவார்கள்.

கொஞ்ச தூரம் மெதுவாகப் போனார். கொஞ்ச தூரம் அழுத்தினார். மறுபடியும் மெதுவானார். அன்று கால்கள் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் இருந்தன என்றார். வழக்கமாக அந்த உயரத்துக்கு வருவதற்குள் யாருக்காவது உழைத்து அவர் காலி ஆகியிருப்பார். அன்று மிச்சம் இருந்தது. முன்னால் பனியில் நடுவர் மோட்டார் சைக்கிளின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அது இத்தாலிக்காரருக்கு முன்னால் போகிறது என்று நினைத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டே போனார்.

இத்தாலிக்காரருக்கோ கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது; பூட்டிக் கிடந்த ஒரு நூடுல்ஸ் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். பனியில் இசோகாய் அவரைத் தாண்டிப் போனது இருவருக்குமே தெரியாது.

முடிவுக் கோட்டைத் தாண்டும்போதும் இசோகாய் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டோடு ஓடி வந்த எங்கள் அணிக்கு உதவி செய்யும் பெண் மியாஸாதோ குதித்தாள்.

"வாழ்த்துக்கள்! வாழ்த்துக்கள்!"

"ரெண்டாவதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கூச்சல்? இத்தாலிக்காரர் எங்க, கை குடுக்கணும்."

"ரெண்டாவது இல்லைங்க, மொதலாவது! நீங்கதான்!"

"நல்லாப் பாத்துச் சொல்லு. அப்பறம் உனக்குத்தான் சங்கடம்."

அவர் நம்புவதற்குள் ஹதகேயாமா வந்து சேர்ந்தான். மலையடிவாரத்தில் பஞ்சராகி, தனியாகவே ஏறி வந்திருந்தான். ஆரஞ்சுச் சட்டை சில நொடி வித்தியாசத்தில் கைநழுவிப்போயிருந்தது. இசோகாய் ஈர ஹெல்மெட்டைக் கழற்றாமலே இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சுடுங்க கேப்டன்."

"ஏண்ணே நிக்கல?"

"நிக்கச் சொன்னாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? என் ரேடியோவும் செத்துப்போச்சு."

மேடையில் பூங்கொத்தோடு நின்ற இசோகாய், தப்பான ரயிலில் ஏறிவிட்டு டிக்கெட்டைத் தேடுகிறவரைப்போல இருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குக் கொண்டாடுவதா, துக்கம் காப்பதா என்று புரியவில்லை. எங்களுக்குப் பணம் கொடுக்கும் சோயா சாஸ் கம்பெனியின் முதலாளி நேரில் வந்தார். இசோகாயைப் பார்த்து பீர் கோப்பையை உயர்த்தினார். ஹதகேயாமா ஞாபகம் வந்ததும் கீழே வைத்துவிட்டு அவனுக்குத் தலை வணங்கினார். பிறகு மறுபடி உயர்த்தினார். நாங்களும் அவரோடு சேர்ந்து உயர்த்தி, இறக்கி, உயர்த்தினோம். யாரும் குடிக்கவில்லை.

இசோகாயால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "நுகுயி-சான், ரேடியோவுல நீங்க என்ன சொன்னீங்க?"

நுகுயி முகம் சிவந்தது. "நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலையே."

"காதுல விழுந்துச்சே."

நுகுயி திருதிருவென்று விழித்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேப்டனுக்குப் பஞ்சர் என்று தெரிந்ததும் வண்டி நிற்பதற்கு முன்பே மெக்கானிக் சக்கரத்தோடு கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தார். "மாத்தே!" என்று நுகுயி கத்தினார். கட்டைவிரல் ரேடியோ பொத்தானில் இருந்தது. அதற்குப் பிறகு மலை சிக்னலை விழுங்கிவிட்டது. இசோகாயை என்ன செய்யச் சொல்வது என்று நுகுயி கடைசிவரை தீர்மானிக்கவே இல்லை.

முதலில் சிரித்தவன் ஹதகேயாமா. அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது சிரிப்பினாலா, சட்டை போனதாலா என்று நான் கேட்கவில்லை. "அப்ப மெக்கானிக்தான் அண்ணே இன்னிக்கு உங்க கேப்டன்!" என்றான். மேசையே சிரித்தது. இசோகாய் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ரயிலில் சோற்று உருண்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னிடம் சொன்னார்: "தெரா, உத்தரவைத் தப்பாக் கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. யாரும் சொல்லாம நானாப் போயிருக்கேன். அப்படிப் போன ஆளு யாருன்னே எனக்குத் தெரியல."

வீட்டில் சினாட்சு வேறு பிடித்துக்கொண்டாளாம். "கோடு கண்ணு முன்னாடி இருக்கு, பின்னாடி என்ன பார்வை? நான் டிவியோட சண்டை போட்டேன். சரி, ஓய்வு?"

"சொன்னேன்தான்," என்றாராம். எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டாராம்.

ஜூனில், ஹிரோஷிமா மலைக்காட்டுக்குள் தேசியப் போட்டி. அதற்கு முன் ஹதகேயாமா நுகுயியிடம் போய், ஒரு நாள் இசோகாய் கேப்டனாக இருக்கட்டும், நாங்கள் எல்லோரும் அவருக்கு உழைக்கிறோம் என்றான். இசோகாய் மறுத்தார். "கேப்டன் சொன்னா கேட்கணும்ல? இது என்னோட கடைசி உத்தரவு," என்று ஹதகேயாமா அவரை மடக்கிவிட்டான்.

புழுக்கத்தில் சுற்றுமேல் சுற்றாக ஓட்டினோம். நடுவில் ஒருமுறை எங்கள் புதிய கேப்டனைக் காணவில்லை. தேடினால், பின்னால் அணி வண்டியிடம் போய்ச் சட்டைக்குள் பாட்டில்களை அடைத்துக்கொண்டு, முதுகு புடைத்து வந்துகொண்டிருக்கிறார். ஹதகேயாமா தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே! நீங்களே பாட்டில் தூக்கினா நாங்க என்னத்தத் தூக்கறது?"

"வெயிலா இருக்கேன்னு..." என்று முனகியபடி ஆளுக்கொன்று நீட்டினார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

கடைசி ஏற்றத்தில் ஹதகேயாமா முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுத்து அவரை இழுத்துக்கொண்டு போனான். வாயில் நுரை தள்ள, சைக்கிள் இருபுறமும் ஆட, சக்தியெல்லாம் தீரும்வரை இழுத்தான். பிறகு விலகி, "போங்கண்ணே!" என்றான். இசோகாய் அவனோடு இணையாக ஒரு கணம் தயங்கி அவன் முகத்தைப் பார்த்தார். முன்னால் ஐந்து பேர் தாவிப் போனது அந்தக் கணத்தில்தான். பிறகு அவரும் போனார். ஆறாவதாக வந்தார்.

நாங்கள் போனபோது ஹதகேயாமா ஒரு தேவதாரு மரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இசோகாய் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இழுக்கறதோட வலி எனக்குத் தெரியும், கேப்டன். ஒருத்தரை விட்டுட்டுப் போறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாது."

"பழகிடும்ணே."

"பழகணுமா?"

ஹதகேயாமா வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "தெரியலண்ணே," என்றான். இரண்டு பேரும் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நுகுயி கூப்பிட்டும் கொஞ்ச நேரம் எழவில்லை.

இசோகாய் அதன் பிறகும் இரண்டு வருடம் ஓட்டினார். மறுபடி ஜெயிக்கவில்லை. ஆனால் எப்போதாவது, பாட்டில் எல்லாம் கொடுத்து முடித்துவிட்ட ஒரு நாளில், எவரிடமும் சொல்லாமல் கூட்டத்தைவிட்டு முன்னால் பாய்வார். "எங்க போறாரு இவரு?" என்று நுகுயி ரேடியோவில் அலறுவார். எங்களுக்கும் தெரியாது. நாங்கள் அவர் முதுகு சின்னதாவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவோம்.