நூற்றுப் பதினோரு கட்டி

கண்மணியின் சாப்பாட்டுக் கடைக்குப் பரமசிவம் முதன்முதலில் வந்து இலை முன்னால் உட்கார்ந்த அன்று, கையிலிருந்த ரசக் கரண்டியால் அவன் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்றுதான் அவளுக்கு இருந்தது. போடவில்லை. ரசத்தை மட்டும் ஊற்றினாள். ஆளை அடையாளம் தெரியாமலா போகும்? நான்கு வருஷத்துக்கு முன்னால் செம்பவாங் குவார்ட்டர்சில் இருந்த அவள் பிறந்த வீட்டுக்கு, தங்கை லீலாவைப் பெண் பார்க்க வந்த மகராசன் இவன்தான்.

அன்றைக்குக் கண்மணி அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள்தான் திரை இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். ஏழு வடையை உள்ளே தள்ளிவிட்டு, காபியையும் குடித்துவிட்டு, பெண் நின்றுகொண்டிருக்கும்போதே தரகரிடம் சொன்னான். "என்னங்க இது, நான் ஒடம்பு வளக்கிறவன். எனக்குப் போயி ஈர்க்குச்சியக் காட்டுறீங்களே. ஒரு கையால தூக்கி அலமாரி மேல வெச்சிடலாம் போலருக்கு." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை லீலா அங்கேயே நின்றாள். அதற்கப்புறம் யார் முன்னாலும் அவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பேச்சு குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவி, ரோட்டில் போகிற வருகிற பயல்களெல்லாம் 'ஈர்க்குச்சி' என்று கூப்பிட ஆரம்பித்ததும், பினாங்கில் டீச்சர் வேலை தேடிக்கொண்டு போனவள் போனவள்தான். எப்போதாவது ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அந்தப் பயல் ஒருநாள் சபை நடுவே தலைகுனிந்து நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து லீலாவுக்கு எழுத வேண்டும். எழுதினால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று கண்மணி நம்பினாள். புருஷன் போய்ச் சேர்ந்து, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இந்தக் கடையைப் போட்டு, காலை பசியாறலிலிருந்து ராத்திரிச் சோறு வரைக்கும் ஒற்றை ஆளாக மாரடித்த நாளிலும் அவள் அதை மறக்கவில்லை. இப்போது அவனே தேடி வந்து இலை போடச் சொல்கிறான்.

இரண்டாவது வாரம் ஒரு புத்தகத்தோடு வந்தான். தபாலில் வரவழைத்த இங்கிலீஷ் புத்தகம். பளு தூக்கும் போட்டிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறதாம். நூற்று நாற்பத்தெட்டு பவுண்டுப் பிரிவில் இரண்டு தடவை தோற்றிருக்கிறான். இந்தத் தடவை ஜெயித்தால் கோலாலம்பூருக்கு அனுப்புவார்களாம்.

"அக்கா, சதை ஏறுறதுக்கு என்னென்ன சாப்புடணும்னு இதுல போட்டிருக்கான். ஆனா எல்லாம் மாட்டுக்கறியா இருக்கு. நான் தொட மாட்டேன்."

"மாடு எதுக்கு? தேக்கா மார்க்கெட்டுல ஆட்டு ஈரல் இல்லையா, சுவரொட்டி இல்லையா?" என்றாள் கண்மணி. "காலைல நாலு முட்டை, ஊறவெச்ச கொண்டக்கடலை. மத்தியானம் ஈரல், நெத்திலி, சோயா தவ்வு. ராத்திரி எலும்பு சூப்பு, பச்சப்பயறு. படுக்கிறப்போ பால். போதுமா?"

"சோறு கொறைக்கச் சொல்றான் அக்கா. எடை ஒரு பவுண்டு ஏறுனாலும் பிரிவுல நிக்க விடமாட்டான். நான் எப்பவும் கடைசிப் பத்து நாளு கஞ்சித் தண்ணியோட கெடந்துதான் எறக்குவேன்."

ஓகோ, அப்படியா சங்கதி என்று கண்மணிக்கு அந்த நிமிஷத்தில்தான் பொறி தட்டியது. சோற்றில் விளக்கெண்ணெயைக் கலந்தால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். ஆனால் இலையில் கெட்டதைப் போட அவளுக்குக் கை வராது. சமையல்காரிக்கென்று ஒரு ரோஷம் இருக்கிறதே. நல்ல சாப்பாட்டைப் போட்டே இவனைக் கவிழ்க்கலாம் என்கிறபோது கெட்டது எதற்கு?

"கஞ்சி குடிச்சிட்டுப் போயி நின்னா கைல தெம்பு எங்கேருந்து வரும்? அதான் ரெண்டு தடவையும் மண்ணைக் கவ்வியிருக்க. சோத்தோட சேந்தாத்தான் ஈரலு சதையில பிடிக்கும். புத்தகம் எழுதுன வெள்ளக்காரனுக்குச் சோத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவனும் தின்றான். அடேயப்பா, என்ன தீனி! புஜத்தை நூலால் அளந்து அளந்து அவளிடமே காட்டுவான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஏறியிருக்கு" என்பாள். நாலாவது வாரம் அவனுக்கே சந்தேகம் வந்து, எங்கேயாவது நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றான். கண்மணி அதற்கும் தயாராக இருந்தாள்.

நாலு கடை தள்ளியிருந்த மளிகைக் கடையில் அவள் புருஷன் ஒன்பது வருஷம் அரிசி மூட்டை சுமந்தவன். அந்தக் கடையில் இரண்டு தராசு, இரண்டிலும் கட்டிக் கணக்குதான், மூன்று கட்டி நாலு பவுண்டு. முன்னால் இருப்பது விற்க. பின்கட்டில் இருப்பது, லாரியில் வரும் மூட்டைகளை நிறுத்து இறக்க. பின்கட்டுத் தராசில் நூறு கட்டிக்கு இரண்டு கட்டி காணாமல் போகும், தொண்ணூற்றெட்டுதான் காட்டும். முதலாளிக்கும் மூட்டை தூக்கினவர்களுக்கும் மட்டும்தான் அது தெரியும். புருஷன் சொல்லிக் கண்மணிக்கும் தெரியும்.

"பின்கட்டுத் தராசுல போயி நில்லு தம்பி. அங்கதான் கூட்டம் இருக்காது. நூத்திப் பதினோரு கட்டின்னா சரியா நூத்தி நாப்பத்தெட்டு பவுண்டு" என்றாள்.

நூற்றெட்டு காட்டியது. அடுத்தடுத்த வாரங்களில் நூற்றொன்பது, நூற்றுப் பத்து. போட்டிக்கு முந்தின நாள் மிகச் சரியாக நூற்றுப் பதினொன்று. பரமசிவம் ஓடி வந்து, "இந்த வருசம் பட்டினியே கெடக்கல, எடையும் நிக்குது அக்கா" என்றான். அன்று ராத்திரி கண்மணி சூப்பில் இரண்டு எலும்பு கூடப் போட்டாள்.

மறுநாள் காலை கேரியரில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவளும் போட்டி மண்டபத்துக்குப் போனாள். சாப்பாடு ஒரு சாக்கு. எடை பார்க்கிற லாசரஸ் மேசையருகே நின்று கூப்பிட, பரமசிவம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தராசில் ஏறினான்.

"நூத்தி அம்பத்தொண்ணு" என்றார் லாசரஸ்.

"இருக்காது சார். நேத்துகூடப் பாத்தேன்."

"தராசு பொய் சொல்லாது தம்பி. ஒரு மணி நேரம் தர்றேன், எறக்கிட்டு வா."

வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திடலைச் சுற்றிச் சுற்றி ஓடினான். தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எச்சில் துப்பிக்கொண்டே ஓடினான். திரும்பி வந்து ஏறியபோது நூற்று நாற்பத்தொன்பதரை. மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "சாப்பாட்டுப் போட்டிக்குப் போப்பா" என்று கத்தினான். பரமசிவம் தராசிலிருந்து இறங்காமலே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கண்மணிக்கு வயிறு குளிர்ந்தது. நான்கு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறை அந்த நிமிஷம் உருண்டு போனது. லீலாவுக்கு எழுதப் போகிற கடிதத்தின் முதல் வரிகூட மனசுக்குள் வந்துவிட்டது.

லாசரஸ் நல்ல மனுஷர். அவன் தோளைத் தட்டினார். "அழுவாதய்யா. மேல் பிரிவுல மூணே பேருதான் இருக்காங்க. வேணும்னா அங்க தூக்கு லா."

பரமசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். நேராக அவளிடம் வந்தான். "அக்கா, சாப்பாடு இருக்கா?"

அத்தனை பேர் பார்க்கையில் இல்லையென்று எப்படிச் சொல்வது? கேரியரை அவனே வாங்கிப் பிரித்துத் தின்றான்.

அப்புறம் நடந்ததைக் கண்மணியால் நம்ப முடியவில்லை. மேல் பிரிவில் நிச்சயம் ஜெயிப்பான் என்று எல்லோரும் சொன்ன ஆள் மூன்று தடவையும் பாரத்தைக் கீழே போட்டான். பரமசிவம் தூக்கினான். போன தடவைகளில் பட்டினி வயிற்றோடு நடுங்கின கை இந்தத் தடவை நடுங்கவில்லை. எட்டு வாரத்து ஈரலும் முட்டையும் சோறும் அந்தக் கையில் அல்லவா நின்றன? போட்டவள் பகைக்காரியா இல்லையா என்று சாப்பாடு பார்க்குமா என்ன? அது தின்றவன் உடம்பில்தான் சேரும். பாவி, தன் கையாலேயே அவனை ஜெயிக்க வைத்துவிட்டாள்.

கோப்பையை வாங்கியவன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனான். "எல்லாம் இந்த அக்கா போட்ட சோறு" என்று சொல்லிக் கோப்பையை அவள் கையில் திணித்தான். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். கண்மணி ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அது சிரிப்பாக விழுந்திருந்தது. மறுநாள் தமிழ்ப் பேப்பரில், அவள் பெயர் போட்டு, பெரிதாக வந்தது.

தேக்காவில் ஈரல் கடைக்காரர்கூட அவளைக் கைகூப்பி வரவேற்றார். ஊரே கொண்டாடுகிறபோது அவனைக் கடையை விட்டுத் துரத்த என்ன காரணம் சொல்வது? நடந்ததை லீலாவுக்கு எப்படி எழுதுவது என்று நான்கு நாள் தாளை எடுத்து எடுத்து வைத்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு பிரித்தாள். நான்கே வரி.

'அக்காவுக்கு, இங்கேயும் பேப்பர் வருகிறது. படம் பார்த்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்காக அழுத ஒரே ஆள் நீதான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.'

கண்மணி அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். வெளியே பரமசிவம் இலையைத் தட்டி, இன்னும் கொஞ்சம் ஈரல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.