பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்றவள்

ஹிமாத்ரி சான்யாலின் நாவல் வெளிவந்த மூன்றாம் வாரமே, அவனை விட்டு விலகியிருந்த மனைவி மாலவிகா ஊர் வாயில் கொலைகாரி ஆகிவிட்டாள். நாவலில் அவள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் குடியிருந்த பாக்பஜார் வீடு இருந்தது, பள்ளி ஆசிரியையான மனைவி இருந்தாள், இடது கன்னத்து மச்சம்கூட இருந்தது. கதை சொல்லும் ‘நான்’ ஒரு சாதுவான எழுத்தாளன். படுத்த படுக்கையான தாய்க்கு மருந்து வாங்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறாள். அவன் திரும்பும்போது தாய் கட்டிலிலிருந்து விழுந்து, கைக்கெட்டாத தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தபடி செத்துக் கிடக்கிறாள்.

நடந்தது வேறு. அன்று மாலவிகா பள்ளியில் பரீட்சை மேற்பார்வையில் இருந்தாள். பூட்டிக்கொண்டு வெளியே போனவன் ஹிமாத்ரி. அதன் பிறகுதான் அவள் அவனை விட்டு விலகினாள். அவன் அழுத அழுகைக்காகப் பதினோரு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது ஆசிரியர் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஹிமாத்ரியிடம் நேரே போய்க் கேட்டாள். அவன் சிரித்தான். “கதையில வர்ற ‘நான்’ நானில்ல மாலு. இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷமா இலக்கியப் பாடம் நடத்துற?”

ஒரு மாதம் உட்கார்ந்து தன் தரப்பை எழுதினாள். ‘நான்’ என்றே தொடங்கினாள். சிறுபத்திரிகை நடத்தும் பிரசூன் குகோ படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நிஜம்னு எனக்குத் தெரியுது தீதி. ஆனா அவரு ‘நான்’னு ஆரம்பிச்சா அழறாரு, நீங்க ‘நான்’னு ஆரம்பிச்சா அடிக்கிறீங்க. படிக்கிறவன் அழறவன் பக்கம்தான் போவான்.”

‘அவள்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தாள். அதிலும் அவள் கைதான் தெரிந்தது. அப்போதுதான் ஷெஃபாலியின் நினைவு வந்தது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். மாமியார் செத்த மறுநாளே ஹிமாத்ரி அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தான்.

விசாரித்துக்கொண்டு கேனிங்குக்கு ரயிலேறினாள். ஷெஃபாலி சந்தையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று தெரிந்ததும் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். அருவாமனையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பழையபடி அண்ணி முறை வைத்துச் சொன்னாள்.

“ரெண்டு மணிக்கு வந்தேன் பௌதி. பூட்டு தொங்குது. உள்ள அம்மா தரையைத் தட்டுற சத்தம். ஓடிப் போய் டீக்கடையில ஹிமாத்ரி தாதாகிட்ட சொன்னேன். பத்துப் பேருக்கு ஏதோ படிச்சுக் காட்டிட்டிருந்தாரு. ‘வர்றேன், நீ போ’ன்னாரு. நாலு மணிக்குத்தான் வந்தாரு.”

இது மாலவிகாவுக்குத் தெரியாது. மாமியார் விழுந்தது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தாள். இப்போது உள்ளே ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

“நீங்க மட்டும் என்னவாம்?” என்றாள் ஷெஃபாலி. “அன்னிக்குக் காலைல துணி மாத்துறப்ப, ‘சீக்கிரம் போய்ச் சேந்தாத் தேவலை’ன்னு அம்மா காதுபடவே சொன்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

மாலவிகா மறுக்கவில்லை.

ஷெஃபாலியையே ‘நான்’ ஆக்கி எழுதினாள். முதலில் அந்தக் காலைப் பேச்சை விட்டுவிட்டாள். படித்துப் பார்த்தால் மறுபடியும் மனைவியின் புலம்பலாகவே இருந்தது. சேர்த்தாள். அவனைச் சேற்றில் தள்ளத் தானும் சேற்றில் இறங்கத்தான் வேண்டும் என்றால் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஷெஃபாலிக்குப் படிக்கத் தெரியாது. மாலவிகா கேனிங் போய் முழுவதையும் வாசித்துக் காட்டி, அச்சிடலாமா என்று கேட்டாள். ஷெஃபாலி அருவாமனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“அவரு ‘நீ போ’ன்னதும் நான் வந்து வாசல்ல உக்காந்துட்டேன். பூட்டை உடைக்கல. வேலை போயிடும்னு பயம். அதையும் போடுங்க. அப்பதான் அது நான்.”

பிரசூனின் பத்திரிகை வெளியிட்ட துர்கா பூஜை மலரில் கதை வந்தது. ஒரு மாதத்துக்குள் ஹிமாத்ரியின் வாசகர் கூட்டமொன்றில், அன்று டீக்கடையில் இருந்த பத்துப் பேரில் ஒருவர் எழுந்து நின்று, அந்தப் பெண் ஓடி வந்தது உண்மை, நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றார். நாவலின் இரண்டாம் பதிப்பு நின்றது. ஆசன்சோலில் இருந்த ஹிமாத்ரியின் தங்கை, அம்மாவின் சிராத்தத்துக்கு இனி அவன் வீட்டுப் படியேற மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

டிசம்பரில் அவன் பள்ளி வாசலுக்கு வந்தான். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. எல்லாம் கற்பனை என்று பத்திரிகைக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

“என்கிட்ட ஏன் கேக்குற?” என்றாள் மாலவிகா. “சொன்னது ஷெஃபாலி. கேனிங் சந்தையில இருப்பா. போய்க் கேளு.”

மணி அடித்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். ஆசிரியர் அறையில் இப்போது, மாமியார் செத்த அன்று காலையில் அவள் சொன்ன அந்தச் சொற்களைப் பற்றித்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். ‘போய்க் கேளு’ என்றதும் அவன் முகம் போன போக்கை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டே ஒன்பதாம் வகுப்புக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள்.