ஏழாவது இருக்கையில் யார்?

எண்பத்தாறாம் ஆண்டு ஈயத்தின் விலை விழுந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. முதலாளிகளும் மேனேஜர்களும் பங்களாவைக் காலி செய்வதற்கு முன்னால் காரைத்தான் விற்றார்கள். ஈப்போ லஹாட் ரோட்டில் பழைய கார் விற்கும் லியோங்கின் கொட்டகையில், அதுவரை பெரிய வீட்டு வாசல்களில் மட்டுமே நின்ற வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று வாங்குவதென்று மங்களம் முடிவெடுத்தது அந்தச் சமயத்தில்தான்.

மங்களம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாக அதுதான் தொழில். அவளிடம் படித்துவிட்டு டெஸ்டுக்குப் போனவர்கள் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தால் ஒரு சாண் பின்னுக்கு நகராது என்று ஈப்போவில் பேச்சு இருந்தது. அவள் புருஷன் உடையப்பன் மின்சார வாரியத்தில் மேற்பார்வையாளர். ஆறடிக்கு மேல் உயரம். வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள். அவர்களோடு உடையப்பனின் அக்கா இருளாயி. பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வலது முட்டி அவளுக்கு முழுசாக மடங்காது.

ஆக ஏழு பேர். எங்கே போனாலும் பாதிப் பேர் மங்களத்தின் 'எல்' போர்டு காரில், மீதிப் பேர் பஸ்ஸில். இப்போது மூத்தவளுக்குத் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டி படுக்கையோடு அவளைக் கொண்டுபோய் விட வேண்டும்.

"அந்தச் சுவீடன் வண்டியப் பாத்தியா மங்களம்? தோல் சீட்டு! கதவச் சாத்துனா பேங்க் பெட்டி மாதிரி சத்தம்," என்றார் உடையப்பன். லியோங்கின் கொட்டகையை அவர் அதற்குள் இரண்டு தடவை சுற்றி வந்திருந்தார்.

"கதவுச் சத்தத்துலயா ஏழு பேரு உக்காரப் போறோம்? மூணு வண்டி இருக்குல்ல, மூணையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் பேச்சு."

மூன்று வண்டிகள். சுவீடனில் செய்த நீள கார். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மடக்கி எடுக்கிற மாதிரி இரண்டு பேருக்கு ஒரு சீட்டு. ஜப்பான்காரன் செய்த வேன். வெல்வெட் சீட்டு, ஜன்னலுக்குத் திரை, கூரையில் கண்ணாடி. மூன்றாவது பிரெஞ்சு வண்டி, வெந்தயக் கலர், மூன்று வரிசை இருக்கை. உடையப்பன் அதைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "ஆஸ்பத்திரி வண்டி மாதிரி நீட்டமா இருக்கு லா."

மங்களம் லியோங்கிடம் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வண்டி வேண்டும், தாப்பா போய் மலையில் பதினாலாவது மைல் வரைக்கும் ஏறித் திரும்புவேன், அதுவரை என் கார் உன் கொட்டகையில் நிற்கட்டும் என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் லியோங் சிரித்திருப்பார். ஆனால் மங்களத்திடம் லைசென்ஸ் எடுத்தவர்களில் பாதிப் பேர் முதல் காரை அவரிடம்தான் வாங்கியிருந்தார்கள். "போலே, போலே," என்று மலாயில் சம்மதம் சொல்லிச் சாவியை எடுத்து நீட்டினார்.

முதல் ஞாயிறு சுவீடன் வண்டி. கடைசிச் சீட்டு பின்பக்கம் பார்த்தபடி இருந்ததால் சின்னவர்கள் இரண்டு பேரும் ஆசை ஆசையாக ஏறிக்கொண்டார்கள். கம்பார் தாண்டும் வரைக்கும் பின்னால் வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் கை காட்டினார்கள். வண்டி ரோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது. பிரேக் மங்களத்தின் கால் சொன்னபடி கேட்டது. "எப்படி?" என்றார் உடையப்பன், தானே செய்த வண்டி போல.

மலையில் ஏழாவது மைல் வளைவுகளில் கைகாட்டல் நின்றுபோனது. ஒன்பதாவது மைலில் கடைக்குட்டி வாந்தி எடுத்தாள். பத்தாவதில் அவள் அக்காவும் எடுத்தாள். ரோடு பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வளைந்து வளைந்து ஏறினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

"பிள்ளைங்க வளந்தா சரியாப் போயிரும்," என்றார் உடையப்பன், சீட்டைத் துடைத்துக்கொண்டே.

"வளந்தா அந்தச் சீட்டுல காலு எங்க வைக்கிறது? அது சின்னப் பிள்ளைங்களுக்குத் தச்ச சீட்டுங்க."

இரண்டாம் ஞாயிறு வேன். இதில் எல்லோருக்கும் தனித்தனி இடம். பெண்கள் திரையை இழுத்து இழுத்து மூடினார்கள். உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது மங்களத்துக்குப் பிடித்திருந்தது. ரோடு கால் மைலுக்குத் தெரிந்தது. ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருந்ததால் கோப்பேங் தாண்டுவதற்குள் சூடு ஏறிவிட்டதுதான் ஒரு குறை. இதுதான் நம் வண்டி என்று மனசுக்குள் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டாள்.

தாப்பாவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இருளாயி இறங்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து நடுச் சீட்டின் ஓரமாக, முட்டியைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து அவள் வெளியே வருவதற்குள் கடைக்காரன் தேத்தண்ணியே கொண்டுவந்து வைத்துவிட்டான்.

"அண்ணி, பின்னாடி எப்படி இருந்துச்சு?"

"எனக்கென்ன மங்களம். எங்க போட்டாலும் கெடப்பேன்."

அந்தப் பதில் மங்களத்துக்கு ஆகவில்லை. மேட்டில் வண்டியை நிறுத்திய மாணவியிடம் 'கிளட்ச் பிடிக்கிறது தெரியுதா' என்று கேட்டால் 'தெரியுது, தெரியல' இரண்டில் ஒன்று வர வேண்டும். 'பரவால்ல' என்று வந்தால் வண்டி பின்னுக்குப் போகப் போகிறது என்று அர்த்தம். திரும்பும்போது சாவியை உடையப்பனிடம் கொடுத்துவிட்டு, இருளாயியை நடுவில் உட்காரவைத்து, தான் கடைசி வரிசைக்குப் போனாள்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. குளிர்காற்று அங்கே வந்து சேரும்போது பேருக்குத்தான் குளிர்ந்தது. சக்கரம் குழியில் விழுந்தால் முதுகுத்தண்டில் தெரிந்தது. அதுகூடப் பெரிசில்லை. முன்னால் உடையப்பன் ஏதோ சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். இவளுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன? என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். யாரும் திரும்பவில்லை. கம்பாருக்குள் நுழைவதற்குள் கேட்பதையே விட்டுவிட்டாள். போகும்போது இருளாயி இப்படித்தான் உட்கார்ந்து வந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிரேக்கையும் கிளட்சையும் பார்த்த தான் இதைப் பார்க்கவே இல்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு லியோங்கின் கொட்டகையில் பிரெஞ்சு வண்டியின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தாள். யாரையும் ஏறவிடவில்லை.

"அண்ணி, இன்னிக்கு முதல்ல நீங்க ஏறுங்க. எந்தச் சீட்டு வேணுமோ அதுல. 'எங்கயும் கெடப்பேன்'னு சொன்னா வண்டி நகராது."

இருளாயி தம்பியைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் முன்கதவுக்குப் போய், ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டாள்.

"முப்பது வருசம் தோட்டத்து லாரியில பின்னாலதான் போனேன். அப்புறம் பஸ்ஸுலயும் பின்னாலதான். எனக்கு ரோடு பாக்கணும்," என்றாள்.

பெண்கள் கை தட்டினார்கள். உடையப்பன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "அக்கா, அது என் சீட்டு லா."

"நீங்க பின்னால போங்க," என்றாள் மங்களம்.

"பின்னாலயா? நானா?"

"ஏழாவது சீட்டுன்னு ஒண்ணு இருந்தா ஏழாவது ஆளு ஒருத்தரு உக்காரத்தானே வேணும்?"

உடையப்பன் முனகிக்கொண்டே குனிந்து உள்ளே போனார். நடுச் சீட்டு சாய்ந்து வழிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதலில் தலையைத் தொட்டுப் பார்த்தார். கூரைக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. முட்டி சீட்டில் இடிக்கவில்லை. ஏழு பேர் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. பிறகு தாப்பா வரைக்கும் எந்தக் குழியும் அதை ஒன்றும் செய்யவில்லை. மலையில் வேகம் கொஞ்சம் குறைவுதான். இரண்டாவது கியரில் முனகாமல் ஏறியது. பதினாலாவது மைலில் நிறுத்திப் பார்த்தால், பின்னால் உடையப்பன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் வாந்தி எடுக்கவில்லை.

ஆனாலும் மனிதர் விடுவாரா? கொட்டகைக்குத் திரும்பியதும், "எல்லாம் சரி, ஆனா அந்தச் சுவீடன் வண்டி..." என்று ஆரம்பித்தார்.

மங்களம் வாதாடவில்லை. சுவீடன் வண்டியின் பின்கதவைத் திறந்து மடக்குச் சீட்டை விரித்தாள். "உக்காந்து காட்டுங்க."

ஆறடி மனிதர் ஏறினார். முட்டி இரண்டும் காதைத் தொட்டன. கழுத்தைச் சாய்த்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன்னையே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குட்டி சிரித்து உருண்டாள். இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லியோங்கும் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். இறங்குவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வேனின் கடைசி வரிசைக்கும் அவரை அனுப்பினாள் மங்களம். அங்கே தலை கூரையில் முட்டியது.

உடையப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலாளி லியோங்கைப் பார்த்தார். "தௌக்கே, இந்த வெந்தயக் கலருதான்," என்றார், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

விலை பேசியது மங்களம். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஜூலையில் மூத்தவளைத் தஞ்சோங் மாலிமுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியும் படுக்கையும் கூரைக் கம்பியில். உடையப்பன் கடைசி வரிசையில், ஒரு தலையணையோடு. அங்கே பேசுவது முன்னால் கேட்க வேண்டும், முன்னால் பேசுவது அங்கே கேட்க வேண்டும் என்று மங்களம் சட்டம் போட்டிருந்ததால், பீடோர் வரைக்கும் வண்டிக்குள் ஒரே கூச்சல். சுங்கையில் மழை பிடித்தது. முன்னால் ஒரு மரலாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பொறு மங்களம். எதிர்ல பஸ் வருது," என்றாள் இருளாயி, கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டு.

மங்களம் பொறுத்தாள். பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது.

"இன்னொண்ணு வருது, காரு. அதுவும் போகட்டும்."

பின்னாலிருந்து உடையப்பன் கத்தினார். "அக்கா, ஈப்போவுக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவ அவ!"

"நீ பின்னால சும்மா இரு. ஒனக்கு ரோடு தெரியாது," என்று திரும்பாமலே சொன்னாள் இருளாயி. "இப்ப ஒண்ணும் இல்ல. வெட்டு, மங்களம்."

மங்களம் மூன்றாவது கியருக்கு மாற்றி, லாரியை முந்தினாள்.