சிஸ்டரோட பொண்ணு

"அந்த மிஷினை ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வைக்க முடியுமா சிஸ்டர்? ஹால் வரைக்கும் சத்தம் கேக்குது."

வாசலில் கார் வந்து நிற்கப்போகிற நேரத்தில் குழந்தையின் அப்பா இப்படிக் கேட்டார். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, "அரை மணி நேரம் நீங்க மூச்சு விடாம உக்காந்திருங்க சார், நானும் நிறுத்திடறேன்," என்றாள்.

கட்டிலில் கிடந்த குழந்தைக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வயது. ஓடியாடித் திரிந்த காலத்தில் வைத்த பேர் வாலு. நுரையீரல் சுருங்கிப் படுத்த படுக்கையான பிறகும் அந்தப் பேர் மட்டும் நிலைத்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் சிஸ்டர் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வந்ததும் முதலில் குழந்தையின் அம்மாவைத்தான் பார்ப்பாள். "சாப்பிட்டியாம்மா? தூங்கினியா? போய்ப் படு, நான் இருக்கேன்." இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

சிஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. ஊசி வலிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வலிக்கும்டா, என் கையைக் கிள்ளிக்கோ," என்பாள். அதனால் அவள் எது சொன்னாலும் வாலு நம்பினாள்.

இன்று வருகிறவர்கள் அம்மாவின் நாத்தனாரின் கல்யாணத்தைப் பேச வருகிறவர்கள். இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீடென்று தெரிந்தால், ரத்தத்திலேயே கோளாறு என்று நல்ல சம்பந்தங்கள் ஓடிவிடுமாம். ஓடட்டுமே என்று அம்மாவுக்குத் தோன்றியது. நேற்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாமளா சொல்ல வேண்டாம். ஆனா யாராவது கேட்டா என் பொண்ணுன்னு சொல்லிடுவேன். நான் என்ன மனுஷன் இல்லையா?" என்றார். அதை அவள் நம்பினாள்.

கேட்டுவிட்டார்கள். கை கழுவ எழுந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினாள். "யாருங்க இந்தப் பாப்பா?"

பின்னாலேயே ஓடிவந்தவர் துளியும் தடுமாறவில்லை. "இவங்க எங்க வீட்டுல குடியிருக்கிற சிஸ்டர். அவங்க பொண்ணு. பாவம், காத்தோட்டமா இருக்கட்டும்னு இந்த ரூமை விட்டுக் குடுத்திருக்கோம்."

"உங்களுக்குப் பெரிய மனசு," என்று அந்த அம்மாள் நெகிழ்ந்துபோனாள். "இப்படிப்பட்ட வீட்டுல சம்பந்தம் பண்ணக் குடுத்து வச்சிருக்கணும்."

காபித் தட்டோடு நின்ற அம்மா ஓரடி முன்னால் வந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது, நாக்குதான் புரளவில்லை. ஒரு காலத்தில் இந்தக் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காத நாத்தனார், தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவைத் தவிர மற்றவர்கள் ஹாலுக்குத் திரும்பினார்கள்.

"சிஸ்டர், நான் உங்க பொண்ணா?"

"இல்லடா. நீ அம்மா பொண்ணு, அப்பா பொண்ணு."

"அப்ப அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?"

"அதை அவர்தான் சொல்லணும்." சிஸ்டர் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சற்று நேரத்தில் அவர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். சம்பந்தம் முடிவாகிவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "சமத்து. அவங்க கிளம்புற வரைக்கும் சத்தம் போடாம இரு, என்ன?" என்றார்.

"சரிங்க சார்," என்றாள் வாலு.

விளையாட்டென்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மாவுக்குத் தெரிந்தது. குழந்தையின் முகத்தில் குறும்பு இல்லை. பெரியவர்கள் சொன்னபடி நடக்கிற முகம் அது. ஓட்டம், பள்ளிக்கூடம், பசி என்று நோய் இத்தனை நாளும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தது. இன்று அப்பாவைப் பிடுங்கியது நோயில்லை.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "சிஸ்டர், மிஷினைக் கொஞ்சம் தள்ளிட்டு வர்றீங்களா?"

"ஒயர் ஹால் வரைக்கும் எட்டும்மா," என்றாள் சிஸ்டர், முன்பே பார்த்து வைத்திருந்தவள் போல.

சக்கரம் உருண்டு வரும் சத்தத்தில் ஹாலில் பேச்சு நின்றது. மிஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட, அம்மா அவர்கள் நடுவில் வந்து நின்றாள்.

"இது எங்க பொண்ணுங்க. நீங்க பாக்காம போயிடக் கூடாதுன்னு தூக்கிட்டு வந்தேன்."

அவர் முகம் சிவந்து நாற்காலியிலிருந்து எழுந்தார். வாலு அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டு காதோடுதான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"உள்ள போயிடலாம்மா. சார் திட்டுவாரு."